போலீஸார் கைப்பற்றிய பொருளைத் திருப்பித் தர எந்தக் கோர்ட்டு உத்தரவிடலாம்?

சங்கத்துக் கிடங்கிலிருந்து நூல் களவு போகிறது. தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்திருந்த பட்டுச் சேலைகள் அங்கத்தினர் ஒருவரின் வீட்டிலிருந்து களவு போகின்றன. தோட்டக்காரரின் கிணற்றடியிலிருந்து மோட்டாரும் செம்புக் கம்பியும் களவு போகின்றன. போலீஸார் முயன்று கள்வனைப் பிடிக்கிறார்கள், பொருளையும் மீட்கிறார்கள். ஊரார் மகிழ்கிறார்கள். ஆனால் பொருள் மட்டும் உடையவரிடம் வந்து சேருவதில்லை. "எங்கள் நூல் கண்முன்னே இருக்கிறது, எங்கள் சங்கத்துச் சீட்டும் அதன்மேல் ஒட்டியிருக்கிறது, ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள், கோர்ட்டில் கேட்டால் இந்தக் கோர்ட்டு அல்ல என்கிறார்கள். நாங்கள் எங்கேதான் போவது?" என்று கேட்கும் அங்கத்தினர்கள் உண்டு. அக்கேள்வியையே இம்மாதப் பாடத்திற்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

இதில் தாமதத்தால் விளையும் நஷ்டம் நம்மவருக்கு மற்றவரைக் காட்டிலும் அதிகம். நகையை ஓராண்டு பெட்டியில் பூட்டி வைத்தால் அது நகையாகவே இருக்கும். பட்டும் சரிகையும் அப்படியல்ல. ஈரச் சுவரை ஒட்டிக் கட்டாகக் கிடந்த சேலை மடிப்பில் இற்றுப்போகும், சரிகை கறுக்கும், நூல் கட்டுக்குள் எலி குடியேறும். நெல் மூட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வளவும் நடக்கும்போது, அந்த நூலை வாங்கச் சங்கம் பெற்ற கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும், பாவு இல்லாமல் தறி நிற்கும், கூலியும் நிற்கும்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். போலீஸார் ஒரு பொருளைக் கைப்பற்றுவதால் அப்பொருளின்மேல் அவர்களுக்கு எவ்வித உரிமையும் உண்டாவதில்லை. பாதுகாக்கும் பொறுப்பே உண்டாகிறது. களவுப் பொருள் என்று சந்தேகிக்கத்தக்க பொருளையும், ஒரு குற்றம் நடந்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணமான நிலையில் காணப்படும் பொருளையும் கைப்பற்றப் போலீஸாருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்டிரேட்டுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறிவிப்பிலிருந்துதான் கோர்ட்டின் அதிகாரம் தொடங்குகிறது. யாரிடம் பொருளை ஒப்படைப்பது என்பதை அதன்பின் தீர்மானிப்பவர் இன்ஸ்பெக்டர் அல்லர், மாஜிஸ்டிரேட்டே.

சட்டப் பிரிவுகளின் எண்களில் பலருக்குக் குழப்பம் நேருகிறது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவ்விஷயம் 516-ஏ, 517, 523 ஆகிய பிரிவுகளில் இருந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை 451, 452, 457 ஆயின. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய நடைமுறைச் சட்டத்தில் அவை முறையே 497, 498, 503 ஆகியிருக்கின்றன. கைப்பற்றும் அதிகாரத்தைக் கூறும் பழைய 102, இப்போது 106. அத்தேதிக்கு முன்பே நிலுவையிலிருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே முடிக்கப்படும். ஆகவே ஒரு வக்கீல் 451 என்றும் இன்னொருவர் 497 என்றும் சொன்னால், இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று கொள்க.

இனி, எந்தக் கோர்ட்டு என்னும் கேள்விக்கு வருவோம். இதற்கு விடை, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

போலீஸார் பொருளைக் கைப்பற்றி அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பொருள் கோர்ட்டில் ஆஜர் செய்யப்படவில்லை. ஸ்டேஷனிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது 503-ஆம் பிரிவின்படி, அந்த அறிவிப்பைப் பெற்ற மாஜிஸ்டிரேட்டே உத்தரவிடலாம். குற்றவாளி அகப்படாமல் வழக்கு முடிக்கப்பட்டாலும் இவரிடமே செல்ல வேண்டும். குற்றப்பத்திரிகை இல்லை, ஆகவே கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று யாரேனும் சொன்னால் அது தவறு. இந்தப் பிரிவு அத்தகைய நிலைமைக்கென்றே ஏற்பட்டது.

பொருள் கோர்ட்டில் ஆஜர் செய்யப்பட்டுவிட்டால் 497-ஆம் பிரிவு வருகிறது. பழைய 451-ஆம் பிரிவு கோர்ட்டு விசாரணையின்போது ஆஜர் செய்யப்பட்ட பொருளைப் பற்றி மட்டுமே பேசியது. புதிய பிரிவு போலீஸ் புலன்விசாரணைக் காலத்தையும் சேர்த்துக்கொண்டு, வழக்கைக் கோப்பில் ஏற்கவோ செஷன்ஸுக்கு அனுப்பவோ அதிகாரமுள்ள மாஜிஸ்டிரேட்டையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. விசாரணை முடியும் வரையில் பொருள் யாரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவிடவும், விரைவில் கெடக்கூடியதாயின் விற்கச் சொல்லவும் இப்பிரிவில் அதிகாரம் உண்டு.

கொள்ளை, கொலை முதலிய செஷன்ஸ் வழக்கில் சிக்கிய பொருளாயின், வழக்கு செஷன்ஸுக்கு அனுப்பப்படும் வரையில் மாஜிஸ்டிரேட்டிடமும், அனுப்பப்பட்ட பின் செஷன்ஸ் கோர்ட்டிலும் மனுச் செய்ய வேண்டும். சான்றுப் பொருள்களும் வழக்கோடு அங்கே போய்விடுவதே காரணம். "இந்தக் கோர்ட்டு அல்ல" என்னும் விடையைப் பெற்று வருபவர்களில் பலர், வழக்குக் கட்டு மேலே போனதை அறியாமல் பழைய கோர்ட்டிலேயே நிற்பவர்கள். ஆகவே மனு எழுதுவதற்கு முன், கட்டு இன்றைக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது ஒரு நாள் வேலைதான். பல மாத அலைச்சலை அது மிச்சப்படுத்தும்.

இங்கே மாஜிஸ்டிரேட் என்பது ஜுடிஷியல் மாஜிஸ்டிரேட்டைக் குறிக்கும். முற்காலத்தில் ரெவினியூ அதிகாரிகளே மாஜிஸ்டிரேட்டுகளாகவும் இருந்த வழக்கத்தை எண்ணி, நம் முதியவர்கள் சிலர் இன்றும் தாலுகா ஆபீஸுக்குச் செல்கின்றனர். தாசில்தார் நிர்வாக மாஜிஸ்டிரேட்; போலீஸார் கைப்பற்றிய களவுப் பொருளைத் திருப்பித் தர அவருக்கு இப்பிரிவுகளில் அதிகாரமில்லை. சென்னை நகரில் வழங்கிவந்த மெட்ரோபாலிடன் மாஜிஸ்டிரேட் என்னும் வகை புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

போலீஸாரே தந்துவிட முடியாதா? கோர்ட்டுக்குக் கொண்டுபோக வசதியில்லாத பொருளையோ, பத்திரமாக வைக்க இடமில்லாத பொருளையோ, புலன்விசாரணைக்கு இனித் தேவையில்லாத பொருளையோ, கோர்ட்டு கேட்கும்போது ஆஜர் செய்வதாகப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு ஒருவர் பொறுப்பில் விடலாம் என்று 106-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் இது பொறுப்பில் விடுவதே. உரிமையை முடிவு செய்வதன்று. நம் அனுபவத்தில் இந்த அதிகாரத்தை அதிகாரிகள் அபூர்வமாகவே உபயோகிக்கின்றனர். பின்னால் வேறொருவர் உரிமை கொண்டாடினால் பழி தம்மேல் வருமே என்னும் அச்சம் காரணமாயிருக்கலாம். அவர்களை முழுதும் குறைகூற நாம் முன்வரவில்லை.

ஸ்டேஷனில் பொருளைக் கிடக்கவிடுவதன் அபாயத்தைச் சுப்ரீம் கோர்ட்டு இருமுறை அழுத்தமாக எடுத்துரைத்திருக்கிறது. 1977-இல் தீர்ப்பான ஒரு மைசூர் வழக்கில், ஒரு மாதின் வீட்டில் களவுபோன நகைகள் மீட்கப்பட்டு, ஸ்டேஷன் பாதுகாப்பில் இருக்கும்போதே மறைந்துபோயின. பொருளே இல்லாதபோது எதைத் திருப்பித் தருவது என்று அரசு வாதித்தது. தக்க பாதுகாப்பு எடுத்ததாகக் காட்ட இயலாத அரசு, பொருளின் மதிப்பைத் தர வேண்டும் என்று கூறி 10,000 ரூபாய் கொடுக்குமாறு கோர்ட்டு உத்தரவிட்டது. 2002-இல் குஜராத்திலிருந்து வந்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் போலீஸாரே. ஸ்டேஷனிலிருந்த வழக்குச் சொத்தைக் கையாடினார்கள் என்பது குற்றச்சாட்டு. அத்தீர்ப்பில்தான், கைப்பற்றிய பொருள்கள் 15 நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேல் ஸ்டேஷனில் கிடக்கலாகாது என்றும், விவரப் பட்டியல் எழுதி, புகைப்படம் எடுத்து, பிணைமுறி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்றும், விசாரணையில் பொருளுக்குப் பதிலாக அப்படத்தைக் காட்டலாம் என்றும் கூறப்பட்டது.

புதிய 497-ஆம் பிரிவு இக்கருத்தையே சட்டமாக்கிவிட்டது. பொருள் ஆஜரான 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியலைக் கோர்ட்டு தயாரிக்க வேண்டும். புகைப்படமும், அவசியமானால் வீடியோப் படமும் எடுக்கச் செய்ய வேண்டும். அதன்பின் 30 நாட்களுக்குள் ஒப்படைப்பது, விற்பது முதலிய உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். படமும் பட்டியலும் சாட்சியமாக ஏற்கப்படும். ஆகவே "வழக்கு முடியட்டும், பார்க்கலாம்" என்னும் பழைய விடைக்கு இனி இடமில்லை. எனினும் கேட்காதவருக்கு யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. மனுச் செய்தே ஆக வேண்டும்.

மனுவை யார் செய்வது? இங்கேதான் நெசவாளர் சங்கங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நூல் சங்கத்தினுடையது, நெய்வதற்காக அங்கத்தினரிடம் கொடுக்கப்பட்டது, களவு போனது அங்கத்தினர் வீட்டிலிருந்து. சட்டம் கேட்பது, பொருளை வைத்திருக்க உரிமையுள்ளவர் யார் என்பதே. நெசவாளரும் அத்தகையவரே, சங்கமும் அத்தகையதே. இருவரும் தனித்தனியே மனுச் செய்து ஒருவருக்கொருவர் எதிராளியாகி நின்றால், கோர்ட்டு இருவருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளவும் கூடும். சங்கமே நிர்வாகக் குழுத் தீர்மானத்துடன் காரியதரிசியின் மூலம் மனுச் செய்து, நெசவாளரின் சம்மதக் கடிதத்தை இணைப்பது நலம் என்பது நம் கருத்து. பதிவு பெற்ற சங்கம் சட்டத்தின் கண்ணில் ஒரு தனி நபர். தன் பெயரில் மனுச் செய்ய அதற்குத் தடையில்லை.

அடையாளத்தை நிலைநாட்ட, சரக்கிருப்புப் பதிவேடு, நூல் வழங்கிய நாளும் எடையும் நம்பரும் கண்ட நெசவாளர் பாஸ் புத்தகம், மில் பட்டியல், சேலையாயின் அதன் கரையும் முந்தியும் கண்ட குறிப்பு ஆகியவை உதவும். முதல் தகவல் அறிக்கையின் நகலும், பொருளைக் கைப்பற்றிய மகஜரின் நகலும் வேண்டும். நம் மாநிலத்தில் பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் பட்டியல் 95-ஆம் படிவத்தில் எழுதப்படுகிறது. அதில் "நூல் கட்டு" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், பின்னால் எந்த நூல், எத்தனை கிலோ என்னும் தகராறு எழும். களவைப் பற்றிப் புகார் எழுதும்போதே நம்பர், எடை, நிறம், மில் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தகராறுக்கு வழியில்லை.

இன்னொன்று. இடைக்காலமாகப் பொருளைப் பெறும்போது, கேட்கும்போது ஆஜர் செய்வதாகப் பிணைமுறி எழுதித் தருகிறோம். அந்த நூலைப் பாவாக ஓட்டி நெய்துவிட்டால் ஆஜர் செய்ய நூல் ஏது? சேலையை விற்றுவிட்டால் சேலை ஏது? பிணைமுறியை மீறினால் அதில் கண்ட தொகையைக் கட்ட நேரும். வீடு திரும்பிய நூலைத் தொடாமல் அலமாரியில் வைத்திருப்பதும் சங்கத்துக்குப் பயன்படாது. ஆகவே மனுவிலேயே, புகைப்படம் எடுத்துக்கொண்டு மாதிரிக்கு ஒரு சிட்டத்தையோ ஒரு சேலையையோ நிறுத்திக்கொண்டு, மீதியை உபயோகிக்கவும் விற்கவும் அனுமதி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் போதாது. உத்தரவில் அந்த வாசகம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தபின் பொருளைத் தொட வேண்டும்.

விசாரணை முடிந்தபின் பொருளைப் பற்றி உத்தரவிடுவது 498-ஆம் பிரிவின்படி, விசாரித்த அதே கோர்ட்டு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது; பல சங்கங்கள் அதில் விழுந்திருக்கின்றன. எதிரி விடுதலையானால், யாரிடமிருந்து பொருள் கைப்பற்றப்பட்டதோ அவரிடமே சாதாரணமாகத் திருப்பித் தர வேண்டும் என்பது 1979-இல் சுப்ரீம் கோர்ட்டு கேரள வழக்கொன்றில் கூறிய நெறி. எதிரி அப்பொருள் தன்னுடையதன்று என்று மறுத்திருந்தால் நிலைமை வேறு. சங்கம் தன் உரிமையை எடுத்துரைக்காமல் "வழக்கைப் போலீஸார் நடத்துகிறார்கள்" என்று வாளாவிருந்துவிட்டால், நம் சங்கத்து நூலே எதிரியிடம் போய்ச் சேரவும் கூடும். ஆகவே தீர்ப்பு நாளுக்கு முன்பே சங்கத்தின் கோரிக்கை கட்டில் இருக்க வேண்டும்.

களவு நூலை விற்றுப் பணமாக்கியிருந்தால், அல்லது வேறு பொருளாக மாற்றியிருந்தால் என்ன செய்வது? மாற்றிப் பெற்ற பொருளும் இப்பிரிவின் நோக்கத்திற்குச் 'சொத்து' என்றே கொள்ளப்படும். களவு என்று அறியாமல் விலைக்கு வாங்கிய வியாபாரிக்கும் ஓரளவு பரிகாரம் உண்டு. கள்வன் தண்டிக்கப்பட்டு, பொருள் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டால், கைதாகும்போது கள்வனிடமிருந்து எடுக்கப்பட்ட பணத்திலிருந்து அவ்வியாபாரி கொடுத்த விலைக்கு மேற்படாமல் அவருக்குக் கொடுக்கலாம் என்று 499-ஆம் பிரிவு கூறுகிறது. பொருளின் முழு உரிமை யாருக்கு என்னும் ஆழ்ந்த வழக்கைக் கிரிமினல் கோர்ட்டு தீர்ப்பதில்லை. அது சிவில் கோர்ட்டின் வேலை.

இதுவரை கூறியது களவு முதலிய பொதுக் குற்றங்களுக்கு. சில தனிச் சட்டங்களில் கைப்பற்றப்பட்ட பொருளுக்கு வாசலே வேறு. நம்மவர் முக்கியமாக அறியவேண்டியது 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம். உணவுப் பண்டங்கள், உரம், பயிர் விதைகள் ஆகியவற்றோடு, முழுதும் பருத்தியாலான சிட்டா நூலும் அதன் அட்டவணையில் இருக்கிறது. அச்சட்டத்தின் கீழ்ப் பிறப்பித்த கட்டளையை மீறியதாகக் கருதிப் பொருள் கைப்பற்றப்பட்டு, பறிமுதல் நடவடிக்கை நிலுவையிலிருந்தால், அப்பொருளையோ அதை ஏற்றிவந்த வண்டியையோ மாட்டையோ விடுவிக்கும் அதிகாரம் கலெக்டருக்கும், அவர் உத்தரவின்மேல் அப்பீலைக் கேட்பவருக்குமே உண்டு. மற்றக் கோர்ட்டுகளுக்கு இல்லை என்று 6-இ பிரிவு தடுக்கிறது. மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது இங்கே வீண். கலெக்டர் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் பறிமுதல் செய்ய முடியாது. அந்த நோட்டீஸுக்கு ரசீதுகளுடன் பதில் எழுதுவதே உரிய வழி. பறிமுதல் உத்தரவின்மேல் ஒரு மாதத்திற்குள் அப்பீல் செய்ய வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டியாயின், பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டும் வாய்ப்பைச் சொந்தக்காரருக்கு அளிக்க வேண்டும். பின்னால் உத்தரவு ரத்தாகிப் பொருளைத் திருப்பித் தர இயலாவிட்டால், அதன் விலையை நியாயமான வட்டியுடன் தர வேண்டும் என்றும் அச்சட்டமே கூறுகிறது.

மணல் முதலிய கனிமம் ஏற்றிய டிராக்டருக்குக் கனிமச் சட்டமும், காட்டு மரம் ஏற்றிய வண்டிக்கு வனச் சட்டமும் தனி விதிகள் வகுத்திருக்கின்றன. இவற்றில் சிக்கியவர் முதலில் எந்தச் சட்டத்தின் கீழ் மகஜர் எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்க.

அண்மைக் காலத்தில் புதிதாக ஒரு துன்பம் வந்திருக்கிறது. எங்கோ தொலைவிலுள்ள போலீஸார், மோசடிப் பணம் வந்து சேர்ந்தது என்று கூறிச் சங்கத்தின் பாங்குக் கணக்கை நிறுத்தி வைக்கிறார்கள். சேலை வாங்கியவர் செல்போன் வழியாக அனுப்பிய சில ஆயிரம் ரூபாயால், கூலிப் பட்டுவாடா முழுதும் நின்றுபோகிறது. பாங்குக் கணக்கும் கைப்பற்றத்தக்க சொத்தே என்று 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. ஆகவே இதற்கும் மேற்கூறிய முறையே. எந்த ஸ்டேஷன் நிறுத்தியது என்று பாங்கிடம் எழுத்து மூலம் கேட்டறிந்து, அந்த ஸ்டேஷனுக்குரிய மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்ய வேண்டும். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி, மீதியை விடுவிக்கும்படி மாற்றாகவும் கேட்கலாம். போலீஸார் உடனே மாஜிஸ்டிரேட்டுக்கு அறிவிக்கவில்லை என்னும் ஒரே காரணத்தால் கைப்பற்றியது செல்லாததாகிவிடாது என்று 2024-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டதால், அந்த வாதத்தை மட்டும் நம்பிப் போகலாகாது. சங்கத்தின் விற்பனைப் பட்டியலே சிறந்த ஆயுதம்.

மாஜிஸ்டிரேட் மறுத்தால், செஷன்ஸ் கோர்ட்டிலோ ஹைகோர்ட்டிலோ ரிவிஷன் மனுச் செய்யலாம். விசாரணை முடிவில் பிறந்த உத்தரவாயின் 500-ஆம் பிரிவின்படி அப்பீல் உண்டு. அப்பீலுக்கு இடம் விட்டு, அத்தகைய முடிவான உத்தரவைப் பொதுவாக இரண்டு மாதம் நிறைவேற்றாமல் வைத்திருப்பார்கள். பிணைமுறி எழுதிக் கொடுத்தவருக்கும், கால்நடைக்கும், விரைவில் கெடும் பொருளுக்கும் இந்த இரண்டு மாதத் தடை இல்லை. உழவு மாட்டையோ கறவைப் பசுவையோ மீட்பவர் இதை எடுத்துக்காட்டி உடனே கேட்கலாம்.

உடையவர் யாரென்று தெரியாத பொருளாயின், மாஜிஸ்டிரேட் அதன் விவரங்களைக் கண்டு பிரகடனம் வெளியிட்டு, ஆறு மாதத்திற்குள் உரிமை கோருமாறு அழைப்பார். விரைவில் கெடக்கூடியதாகவோ மதிப்பு 10,000 ரூபாய்க்குக் குறைவாகவோ இருந்தால் அதற்கு முன்னரே விற்றுவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அப்பொழுது உரிமை விற்ற பணத்தின்மேல் நிற்கும். ஆறு மாதமும் யாரும் வரவில்லையென்றால், பொருள் யாரிடம் காணப்பட்டதோ அவரும் நேர்வழியில் பெற்றதாகக் காட்டாவிட்டால், அது ராஜ்ய சர்க்காரைச் சேரும். மீட்கப்பட்ட களவுப் பொருள்களைப் பற்றிய பிரகடனம் அண்டை ஸ்டேஷன்களிலும் கோர்ட்டு விளம்பரப் பலகையிலும் ஒட்டப்படும்போது, களவு கொடுத்த சங்கத்தின் காரியதரிசி மாதம் ஒருமுறையேனும் அங்கே சென்று பார்த்துவருவது நல்லது. நம் நூல் வேறு ஜில்லாவில் பிடிபட்டிருக்கவும் கூடும்.